வயலின், செல்லோ, டீசல் மிதக்குற தண்ணி: புதுசா எழுதுன கிளாசிக்கல் மியூசிக்குக்கு வீடியோ பண்றது எப்படி

பாண்டில முத்தியால்பேட்டைல ஒரு தங்கச்சி இருக்கு, சொந்தம் இல்ல, ஆனா அண்ணான்னுதான் கூப்பிடும். வெஸ்டர்ன் கிளாசிக்கல் படிச்சிட்டு இப்ப சொந்தமா கம்போஸ் பண்ணுது. வயலினுக்கும் செல்லோவுக்கும் (வயலின் மாதிரியேதான், ஆனா பெருசு, கீழ் சுரத்துல பேசும்) 9 நிமிஷத்துக்கு ஒரு பீஸ் எழுதி, ரெக்கார்டிங்கும் முடிச்சுட்டு என்கிட்ட வந்து, "அண்ணா, இதுக்கு நீங்கதான் வீடியோ பண்ணித் தரணும், ஆனா பாட்டுக்குப் பண்ற மாதிரி பண்ணிடாதீங்க"ன்னு சொல்லுச்சு. அதைப் பண்ணி முடிக்க எனக்கு 5 மாசம் ஆச்சு, அதுல கத்துக்கிட்டத இங்க எழுதுறேன், இந்த மாதிரி வேலைல இறங்கணும்னு நினைக்கிற யாருக்காவது ஆகும்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. நம்ம கை எல்லாம் சினிமாப் பாட்டு பாத்து பழகுன கை, பீட் விழுந்தா கட் பண்ணும், சரணம் வந்தா லொகேஷன் மாத்தும். இந்த மியூசிக்ல பல்லவியும் இல்ல சரணமும் இல்ல, தாளம்னு விரல் போட்டு எண்ணவும் முடியாது. ஒரே சுரம் ரெண்டு நிமிஷம் நிக்கும், வில்லை கம்பில அழுத்தி உரசுற சத்தமே மியூசிக்கா வரும், அப்புறம் அரை நிமிஷம் ஒண்ணுமே இருக்காது. இதுக்கு மேல பழைய பழக்கத்துல படத்த ஒட்டினா ரெண்டும் கெட்டுப்போகும். நான் புரிஞ்சுக்கிட்டது என்னன்னா வீடியோவ மேடைல மூணாவது ஆளா நினைக்கணும், வயலின் ஒண்ணு, செல்லோ ஒண்ணு, வீடியோ ஒண்ணு. மூணாவது ஆளுக்கும் வாசிக்குற நேரம்னு ஒண்ணு இருக்கு, வாசிக்காம கைய மடியில வச்சுக்கிட்டு மத்தவங்கள கேட்டுக்கிட்டு உக்காந்திருக்குற நேரம்னு ஒண்ணும் இருக்கு.

அதனால கேமராவத் தொடுறதுக்கு முன்னாடி கேளுங்க. ஹெட்போன்ல கேளுங்க, ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா செல்லோவோட கீழ் சுரம் பாதி காணாமப் போயிடும். முதல் மூணு தடவை கண்ண மூடிக்கிட்டு, எதையும் கற்பனை பண்ணாம கேக்கணும், இது ரொம்ப கஷ்டம், மனசு உடனே கடல், மழை, நடந்து போற பொண்ணுன்னு படம் போட ஆரம்பிச்சிடும், அந்த முதல்ல வர்ற படம் எல்லாம் ஏற்கனவே எங்கயோ பாத்ததுதான், அதை விட்டுடுங்க. நாலாவது தடவைல இருந்து கையில பேனா. நான் மாசக் காலண்டர் தாள் ரெண்டு மூணு கிழிச்சு பின்பக்கத்த ஒட்டி 90 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டேன், 10 சென்டிமீட்டர் ஒரு நிமிஷம், 1 சென்டிமீட்டர் 6 செகண்ட். அதுல ராகம் சுரம் எல்லாம் எழுதல. சத்தம் எவ்வளவு அடர்த்தியா இருக்கு, மேல இருக்கா கீழ இருக்கா, வழவழன்னு இருக்கா சொரசொரன்னு இருக்கா, எவ்வளவு வேகமா மாறுது, எங்க நிக்குது, இந்த அஞ்சு விஷயத்த மட்டும் அஞ்சு கலர் பென்சில்ல வரைஞ்சேன். இந்தத் தாள் கடைசி வரைக்கும் செவுத்துலயே இருந்துச்சு, எடிட்டிங் டைம்லைன விட அதைத்தான் அதிகமா பாத்தேன்.

கம்போசர் உயிரோட இருக்காங்க, ஃபோன்ல கிடைக்கிறாங்க, இந்த மியூசிக்குல கிடைக்கிற பெரிய வரம் அதுதான். அவங்கள போய் "இதுக்கு என்ன அர்த்தம்"னு கேக்காதீங்க, என்ன வேணாம்னு கேளுங்க. நான் கேட்டப்ப அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு "பறவை மட்டும் வேணாம்ணா, மேல் சுரம் வந்தாலே எல்லாரும் பறவைதான் போடுறாங்க"ன்னுச்சு. அப்புறம் நோட்டேஷன் ஷீட் வாங்கிக்கோங்க, படிக்கத் தெரியலன்னாலும் பரவால்ல, எத்தனையாவது பார்ல, அதாவது கோடு போட்டுப் பிரிச்ச கட்டத்துல, என்ன மாறுதுன்னு உக்காந்து குறிச்சு வாங்கிக்கோங்க. வயலின் தனி ட்ராக், செல்லோ தனி ட்ராக்னு கிடைச்சா அதையும் கேளுங்க, எந்தச் சத்தம் யாரோடதுன்னு அப்பதான் காது பிரிக்கும்.

படத்துக்கும் மியூசிக்குக்கும் என்ன உறவுன்னு முடிவு பண்றது அடுத்தது. கூடவே போகலாம், எதிராப் போகலாம், அதாவது சத்தம் கொந்தளிக்கிறப்ப படம் அசையாம நிக்கலாம். இல்ல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தெரியாமலே போகலாம், கம்போசர் ஜான் கேஜும் டான்ஸ் அமைக்கிற மெர்ஸ் கன்னிங்ஹாமும் டான்ஸையும் மியூசிக்கையும் தனித்தனியா பண்ணி, மொத்த நேரம் எவ்வளவுங்கறத மட்டும் பொதுவா வச்சுக்கிட்டு மேடையில சேத்தாங்க. மூணுமே நல்ல வழிதான், ஆனா இடத்துக்கு இடம் தாவக்கூடாது, ஒண்ண எடுத்தா 9 நிமிஷமும் அதுல நிக்கணும். நான் எடுத்தது கூடவே போறது, ஆனா சத்தத்துக்கு ஆடாம.

இப்ப எதை ஷூட் பண்றது. ஒரே ஒரு பொருள எடுங்க, இத நான் அடிச்சுச் சொல்வேன். கடல், கோயில், பஸ் ஸ்டாண்டு, வெள்ளைக்காரத் தெருன்னு எல்லாத்தையும் எடுத்தா அது டூரிஸ்ட் வீடியோ ஆயிடும். எனக்கு அந்தப் பொருள் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) மீன்பிடித் துறைமுகத்துல கிடைச்சுது. விடியக்காலைல விசைப்படகு இன்ஜின் ஸ்டார்ட் பண்றப்ப ஒரு சொட்டு டீசல் தண்ணில விழும், விழுந்த வேகத்துல விரிஞ்சு ஒரு தட்டு அளவுக்கு, அப்புறம் ஒரு பாய் அளவுக்கு ஆகும். நடுவுல ஊதா, அதைச் சுத்தி பச்சை, ஓரத்துல தங்கம், அதுக்கும் வெளில வெறும் வெள்ளிச் சாம்பல், ஒரு கயிறு தண்ணில பட்டா அந்த வளையம் எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு கிழியும். எண்ணெய்ப் படலத்தோட மேல்பக்கம் பட்டுத் திரும்புற வெளிச்சமும் அடிப்பக்கம் பட்டுத் திரும்புற வெளிச்சமும் சேரறப்ப சில கலர் கூடும், சில கலர் அழிஞ்சிடும், எந்தக் கலருங்கறது படலம் எவ்வளவு தடிமன்னு பொறுத்தது, ரொம்ப மெலிசான இடத்துல கலரே வராது, அந்தச் சாம்பல்தான்.

இது ஏன் பொருந்துச்சுன்னா, அந்த பீஸ்ல நடுவுல வயலினும் செல்லோவும் கிட்டத்தட்ட ஒரே சுரத்துல நிக்கும், கிட்டத்தட்டதான், ஒரு மயிரிழை விலகி. 440 ஹெர்ட்ஸ்ல ஒண்ணு, 442 ஹெர்ட்ஸ்ல ஒண்ணு ஒலிச்சா செகண்டுக்கு 2 தடவை சத்தம் பெருசாகிச் சின்னதாகும், தம்புரா சுருதி சேக்குறவங்களுக்கு இந்த அலையடிப்பு நல்லாத் தெரியும். ரெண்டு சத்தம் மோதி ஒரு இடத்துல கூடி ஒரு இடத்துல அழியுது, தண்ணில ரெண்டு வெளிச்சம் மோதி அதையேதான் செய்யுது. படம் மியூசிக்கோட அர்த்தத்தச் சொல்ல வேணாம், மியூசிக் எப்படி வேலை செய்யுதோ அப்படி வேலை செய்யுற ஒரு பொருளத் தேடுங்க, அது கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. உங்களுக்கு அது மரக்காணம் உப்பளத்துல உப்பு பூக்குறதா இருக்கலாம், புள்ளிக்கோலத்துல புள்ளிய விட்டு விட்டுச் சுத்துற கோடா இருக்கலாம், வலை பின்னுற கையா இருக்கலாம்.

காலண்டரையும் பாத்துக்கோங்க. நான் மே மாசம் போனேன், தண்ணில எண்ணெயே இல்ல, ஏன்னா நம்ம கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும். ஆனா அந்த நேரத்துலதான் படகு ரிப்பேர் நடக்கும், பலகைல ஆணி அடிக்கிற சுத்தியல் சத்தம் துறைமுகம் பூரா கேக்கும், அதை எடுத்து ஒரு பயிற்சி பண்ணினேன். அமெரிக்க கம்போசர் ஸ்டீவ் ரைச்சோட 1972ல வந்த கைதட்டல் பீஸ் ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரு ஒரே தட்டு வரிசைய தட்டுவாங்க, வரிசைல 12 சின்ன அடி, ஒருத்தர் மாறாம தட்ட இன்னொருத்தர் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒரு அடி தள்ளித் தள்ளிப் போயி கடைசில ரெண்டு பேரும் திரும்ப ஒண்ணா சேருவாங்க. அதையே படத்துல பண்ணிப் பாருங்க. செகண்டுக்கு 25 ஃப்ரேம் ஓடுற வீடியோல ஒரு அடிக்கு 5 ஃப்ரேம் வச்சா 12 அடி 60 ஃப்ரேம், அதாவது 2.4 செகண்ட். அந்த 2.4 செகண்ட் சுத்தியல் ஷாட்ட பக்கத்துல பக்கத்துல ரெண்டு வச்சு, ஒவ்வொரு 8 தடவை ஓடினதும் வலது பக்கத்த மட்டும் 5 ஃப்ரேம் தள்ளுங்க, திரும்ப ஒண்ணு சேர 3 நிமிஷம் 50 செகண்ட் ஆகும். ஒரே ஷாட்டு நகர்றதுல மட்டும் எவ்வளவு புதுசு புதுசா தெரியுதுன்னு அன்னைக்குத்தான் பாத்தேன், அதுக்கப்புறம் ஷாட் எண்ணிக்கைய நானே குறைச்சுட்டேன். 9 நிமிஷத்துக்கு மொத்தம் 17 ஷாட்டுதான்.

கேமரா விஷயம் சுருக்கமா சொல்லிடுறேன், நல்ல ஃபோன் போதும். 25 ஃப்ரேம், ஷட்டர் ஒரு செகண்ட்ல 50ல ஒரு பங்கு, ஏன்னா நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்தாலும் கோடு ஓடாது. எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூணையும் லாக் பண்ணுங்க, ஆட்டோல விட்டா கலர் மாறினது எண்ணெயாலயா கேமராவாலயான்னு உங்களுக்கே தெரியாது. ஃபோன் பல நேரம் ஃப்ரேம் ரேட்ட ஒரே சீரா வைக்காம ஏத்தி இறக்கும், அதனால எடிட்டிங்குக்கு முன்னாடி ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல போட்டு ஒரே ரேட்டுக்கு மாத்திடுங்க. எண்ணெய்ப் படலத்துக்கு வெயில் வேணாம், மேகமூட்டமோ இல்ல சூரியன் வர்றதுக்கு முந்தின அரை மணி நேரமோ வேணும், வானம் முழுக்க வெள்ளையா இருந்தாத்தான் கலர் எழும். போலரைசர் ஃபில்டர் போட்டா தண்ணியோட பளபளப்பு போயிடும், அந்தப் பளபளப்புலதான் கலரே இருக்கு, கழட்டி வச்சிடுங்க. கடல் காத்துல உப்பு லென்ஸ்ல படியும், சட்டை நுனியால துடைச்சா கீறிடும், முதல்ல ஊதிட்டு, ஈரத் துணியால ஒத்தி எடுத்துட்டு அப்புறம் துடைங்க. ஏசி ரூம்ல இருந்து நேரா பீச்சுக்குப் போனா லென்ஸ் வேர்த்துடும், பைக்குள்ளயே வச்சு அரை மணி நேரம் விட்டு வெளில எடுங்க.

ஆளுங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க. முதல் நாள் ஒரு பெரியவர் வலை மடிச்சுக்கிட்டே "தண்ணிய எதுக்கு தம்பி எடுக்குற, போட்ட எடு"ன்னாரு, நான் ஃபோன்ல எடுத்தத காமிச்சேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு "இது தினம் என் காலடில கெடக்குறதா"ன்னு கேட்டாரு. அடுத்த நாள்ல இருந்து எந்தப் படகு எப்ப ஸ்டார்ட் ஆகும்னு அவரே சொல்வாரு. அந்த ஓசில கிடைச்ச தகவல் இல்லன்னா பாதி ஷாட் எனக்குக் கிடைச்சிருக்காது.

எடிட்டிங். டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷன் போதும், கேடென்லைவும் நல்லாருக்கும். ரிசால்வ்ல ஃபைல் உள்ள இழுக்குறதுக்கு முன்னாடியே ப்ராஜெக்ட் 25 ஃப்ரேம்னு வச்சிடணும், அப்புறம் மாத்த விடாது. ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலா கேட்டு வாங்குங்க, வாட்ஸப்ல அனுப்புனத வச்சு வேலை பாக்காதீங்க. சீரா வேகம் இருக்குற இடம் வந்தா கணக்கு சுலபம், எங்க பீஸ்ல கம்பிய விரலால சுண்டி வாசிக்குற ஒரு பகுதி நிமிஷத்துக்கு 75 அடி, அப்ப ஒரு அடிக்கு சரியா 20 ஃப்ரேம். ஆனா எல்லா அடிக்கும் கட் வைக்கல, ஏழாவது, பதினெட்டாவதுன்னு ரெண்டே இடத்துலதான், அதனாலதான் அந்த ரெண்டும் உறைக்குது.

சத்தமும் படமும் சந்திக்குற இடத்துல ஒரு நுணுக்கம் இருக்கு. 25 ஃப்ரேம்ல ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட், அந்த நேரத்துல சத்தம் 14 மீட்டர்தான் போகும். ஆத்துக்கு அந்தப் பக்கம் 70 மீட்டர்ல சுத்தியல் அடிச்சா கண்ணுக்குத் தெரிஞ்சு 5 ஃப்ரேம் கழிச்சுத்தான் காதுக்கு வரும். பொறந்ததுல இருந்து நம்ம மூளை இதுக்குப் பழகிடுச்சு, பாத்துட்டுத்தான் கேக்கும். அதனால சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்துனாலே ஏதோ தப்புன்னு தெரிய ஆரம்பிச்சிடும், ஆனா 125 மில்லிசெகண்ட் வரைக்கும் பிந்துனாலும் பெருசாத் தெரியாது. கட்ட அடிக்கு மேலயே வைக்காம ஒரு ஃப்ரேம், ரெண்டு ஃப்ரேம் முன்னாடி வச்சுப் பாருங்க, சுருதி சேந்த மாதிரி உக்காரும்.

முடிச்சதும் ஒரு சோதனை பண்ணுங்க. ஆடியோவ மட்டும் 4 செகண்ட் தள்ளி வச்சுட்டு முழுசா பாருங்க. தள்ளி வச்சும் அதே மாதிரி நல்லாருக்குன்னு தோணுச்சுன்னா உங்க வீடியோ அந்த மியூசிக்க கேக்கவே இல்லன்னு அர்த்தம், எதுக்கு மேல வேணா ஓட்டலாம்னு ஆயிடும். என்னோட மூணாவது வெர்ஷன் இதுல தோத்துச்சு, 2 நிமிஷத்துல இருந்து 5 நிமிஷம் வரைக்கும் எல்லாத்தையும் கலைச்சு திரும்பப் பண்ணினேன், அழகான ஷாட்டு ஆறு போச்சு. ரெண்டும் தெரியாமப் போற வழிய எடுத்தவங்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அவங்க சும்மா பல நாள் விட்டு விட்டுப் பாக்கணும்.

நிசப்தம் வர்ற இடத்துல படத்தால அதை ரொப்பாதீங்க. எங்க பீஸ்ல 5 நிமிஷம் 10 செகண்ட்ல 30 செகண்ட் மௌனம், அங்க நான் முதல்ல ரொம்ப நல்ல ஒரு ஷாட் வச்சிருந்தேன், அந்தப் பொண்ணு பாத்துட்டு "அண்ணா, இங்க எனக்கு என் மூச்சு கேக்கணும்"னுச்சு. கறுப்பாக்கிட்டேன், சட்டுனு இல்ல, செல்லோ அதிர்வு அடங்குற வேகத்துல 8 செகண்ட்ல. அதுக்கப்புறம் வர்ற சாம்பல் தண்ணி எங்க வீட்டுல எங்க அம்மாவுக்கே தொண்டைய அடைச்சுது. பளிச் பளிச்சுன்னு வெளிச்சம் மின்னுற மாதிரி பண்றவங்க செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல மின்ன விடாதீங்க, வலிப்பு வர்றவங்களுக்கு ஆபத்து, அப்படியே வேணும்னா ஆரம்பத்துலயே எழுதிப் போட்டுடுங்க.

ஏத்தும்போது ஆடியோல கம்ப்ரஸரோ லிமிட்டரோ போடவே போடாதீங்க, மெல்லிசும் பெருசும் சமமாயிட்டா இந்த மியூசிக்ல மிச்சம் ஒண்ணுமில்ல. யூட்யூப் அதிகச் சத்தத்த சுமாரா மைனஸ் 14 லஃப்ஸுக்கு (சத்தத்தோட அளவச் சொல்ற கணக்கு) இறக்குமே தவிர குறைவான சத்தத்த ஏத்தாது, அதனால "ஹெட்போன்ல கேளுங்க"ன்னு முதல் ஃப்ரேம்ல போடுங்க. இருட்டுல மெதுவா மாறுற கலர் எல்லாம் பட்டை பட்டையா உடையும், லேசா கிரெய்ன், அதாவது பொடிப்பொடியா புள்ளி, சேத்து, 4கேல எக்ஸ்போர்ட் பண்ணி ஏத்தினா பெருமளவு சரியாகும்.

உரிமை விஷயத்துல அசட்டையா இருக்காதீங்க. நம்ம நாட்டுச் சட்டப்படி இசைக்கு உரிமை எழுதுனவங்க வாழ்நாளும் அதுக்கு மேல 60 வருஷமும், ரெக்கார்டிங்குக்குத் தனியா வெளியானதுல இருந்து 60 வருஷம். ரெண்டும் வேற வேற. எழுதுனவங்க சரின்னு சொன்னாலும் ரெக்கார்டிங் வேற யாருதோன்னா அவங்களும் சொல்லணும், வாசிச்சவங்களையும் கேக்கணும். பழகுனவங்கதானேன்னு வாயால பேசிட்டு விட்டுடாம ஒரு மெயில் வாங்கி வைங்க, எங்க காட்டலாம், எவ்வளவு நாள், பேர் எப்படி வரணும்னு அதுல இருக்கணும்.

கடைசியா மேடைல வாசிக்க வாசிக்க ஓட்டுறது. ரெக்கார்டிங்குல 9 நிமிஷம்னா நேர்ல 9 நிமிஷம் 25 செகண்டும் ஆகும், ஹால் எதிரொலிச்சா நிறுத்தி வாசிப்பாங்க. அதனால ஒரே ஃபைலா ஓட்டாதீங்க. நான் ஏழு துண்டா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் கடைசில 40 செகண்ட் அதிகமா விட்டு ஓபிஎஸ்னு நேரடியா வீடியோ மாத்தி ஓட்டுற சாஃப்ட்வேர்ல ஏழு சீனா வச்சுக்கிட்டேன், நோட்டேஷன் பாத்துக்கிட்டே ஒருத்தர் பட்டன் அமுக்கணும், அவரும் ரிகர்சலுக்கு வரணும், அவரும் வாசிக்கிற ஆளுதான். ஒரு ஹால்ல ப்ரொஜெக்டருக்கு ஒயர்லெஸ் கனெக்ஷன்தான் இருக்குன்னாங்க, ஒத்திகைல பாத்தா அரை செகண்ட் லேட், அன்னைக்கு ராத்திரியே 15 மீட்டர் எச்டிஎம்ஐ ஒயர் வாங்கிட்டு வந்தோம், நீங்க கையோடவே கொண்டு போயிடுங்க. ப்ரொஜெக்டர் ஃபேன் சத்தம் மெல்லிசான இடத்துல கேக்கும், கூட்டத்துக்கு நடுவுல வைக்காம பின்னாடி தள்ளி வைங்க. மேடைல சீலிங் ஃபேன் ஓடினா பேப்பர் பறக்கும், நிறுத்தினா வயலின் வாசிக்கிறவங்க வேர்த்துக் கை வழுக்கும், அதனால கிளிப் போட்டு ஃபேன குறைச்சல்ல வைங்க. ஸ்டாண்டு லைட் திரைல படாம கறுப்பு சார்ட்ட மடிச்சு மறைங்க. கரண்ட் போனா லேப்டாப் தாங்கும், ப்ரொஜெக்டர் தாங்காது, யுபிஎஸ் கேட்டு வைங்க.

எட்டாவதா ஒரு துண்டும் வச்சுக்கோங்க, 3 நிமிஷம் வெறும் கறுப்பு. ஃபைல் முடிஞ்சு லேப்டாப்ல இருந்து சிக்னல் நின்னுட்டா சிக்னல் இல்லன்னு நீலத் திரை வந்து நிக்கலாம், வில்ல இன்னும் கீழ இறக்காத நேரத்துல அது வந்தா மொத்தமும் போச்சு. அந்தக் கறுப்பு ஓடிக்கிட்டே இருக்கட்டும், கை தட்டி முடிச்சு ஹால் லைட்டு போட்டதுக்கு அப்புறம் ப்ரொஜெக்டர ஆஃப் பண்ணுங்க.